காதில் சொன்ன கடைசி ஆசை

“காலேஜுக்குப் போயிட்டா மைக் பிடிக்க வந்திருமாட்டி? நாலு பேரு முன்னால நின்னா ஒனக்கு நாக்கு ஒட்டிக்கிடும்” என்று எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் செயலாளர் அண்ணாச்சி ஒருமுறை சொன்னார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். மும்பை தாராவியில் எங்கள் பக்கத்துக் கார்ப்பரேட்டர், அதாவது மாநகராட்சி உறுப்பினர்; எல்லோருக்கும் அக்கா. “அவ பேசுவா. நீரு காதைத் தொடச்சு வையும்” என்றார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மேடையில் யாராவது காதருகே குனிந்தால், அவர்கள் சொன்னதை அப்படியே மைக்கில் சொல்லிவிடுவார். ஒருநாள், எங்கள் வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வந்த பில்டரின் ஆள் ஏதோ கிசுகிசுத்தான். “இவருக்கு என்னையத் தனியா பாக்கணுமாம். எப்ப பாக்கட்டும், நீங்களே சொல்லுங்க” என்றார் அக்கா. விசில் அடங்க நேரமாயிற்று.

போன மாதம் அக்கா இறந்தார். மறுநாள் காலையில் சந்து முனையில் அஞ்சலி ஃப்ளெக்ஸ் நின்றது. அக்காவின் பக்கத்தில் செயலாளர் கைகூப்பியிருந்தார். கீழே பில்டரின் சிரித்த முகம். எனக்கு அந்தப் படம் தெரியும். பில்டருக்கு எதிரான தர்ணாவில் எடுத்தது. அக்காவுடன் நின்ற என் அம்மாவை வெட்டியிருந்தார்கள். அக்கா தோளில் அம்மாவின் விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.

அஞ்சலிக் கூட்டத்தில் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அக்கா ஆஸ்பத்திரியில எங் காதுல சொல்லிட்டுப் போனாவ. பில்டருக்குச் சம்மதம் குடுத்திருங்கன்னு. அவுக கடைசி ஆசை. எல்லாரும் கையத் தூக்குங்க.”

சம்மதித்தால், பில்டரின் திட்டப்படி கீழ்வீட்டுக்காரர்களுக்கு இங்கேயே வீடு. எங்களைப் போல மாடியில் இருப்பவர்கள் ஊருக்கு வெளியே, வாஷியையும் தாண்டி எங்கோ போக வேண்டும். அதற்காகத்தான் அக்கா கடைசிவரை மறுத்தார்.

கீழ்வீட்டுக் கைகள் உயர்ந்தன. “சொல்லியிருப்பாவளோட்டி? நோயில கெடந்தவுக” என்றாள் அம்மா. அவள் கையும் மடியிலிருந்து அசைந்தது.

எனக்கும் சந்தேகம்தான், அக்கா மேலேயும். நோய் அவர் குரலைத் தின்றுவிட்டிருந்தது. உரக்கப் பேச முடியாதவர் காதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாங்கள் பார்க்கப் போன அன்று, “டாக்டர் யாரையும் விடக் கூடாதுன்னுட்டாரு” என்று எங்களை வாசலோடு திருப்பி அனுப்பியது யார்? இதே அண்ணாச்சி.

அம்மாவின் கையை அமர்த்திவிட்டு மேடையேறினேன். அவரிடமே கேட்டேன்.

“அன்னைக்கு எங்கள ஏன் அண்ணாச்சி உள்ள விடல?”

அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு என் காதருகே குனிந்தார். “தனியா வாட்டி, சொல்லுதேன். ஒங்க அம்மைக்கு மட்டும் இங்கனயே ஏதாவது பண்ணலாம்.”

நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. ஆனாலும் மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

“அண்ணாச்சி என்னையத் தனியா வரச் சொல்லுதாவ. எங்க அம்மைக்கு மட்டும் இங்கனயே ஏதாவது பண்ணுவாவளாம்” என்றேன்.