பிரஸ் பட்டன் தாலி

'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. அந்தச் சத்தத்துக்காகவே மேடையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

விஜயராணி அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொன்னால் புரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பெரும்பாறையில் தங்கிய குடும்பம். அப்பா இல்லை, அம்மா மூக்கம்மாவும் அவளும்தான். காப்பித் தோட்டத்து ஆட்களைத் தாண்டிக்குடி ஊர்வரை ஏற்றி இறக்குகிற ஜீப் அவளுடையது. ஓட்டுவதும் அவளேதான். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பது போதாதென்று வாயாலும் கத்துவாள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டவர்களிடம், "பிரேக் பிடிக்கத் தெரிஞ்ச ஆளு இன்னும் அமையலைங்க" என்று சொல்லிவிட்டு கியரை மாற்றுவாள். எனக்குத் தெரிந்து அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஹரிகிருஷ்ணன் சார் அவளை நாடகத்துக்கு இழுத்தார். சார் கொடைக்கானலில் வாத்தியார். எங்கள் குழுவுக்கு நாடகம் எழுதுவது, ஆட்டிவைப்பது எல்லாம் அவர்தான். நான் ராஜகுமாரி, டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். குழுவுக்கு உடுப்புத் தைக்கப் போன என்னை, ஆள் போதவில்லை என்று மேடையேற்றிவிட்டார்கள். எனக்கு அக்காவின் அம்மா வேஷம். என்னைவிட மூத்தவளுக்கு நான் அம்மாவாம்! "தலையில பவுடரைக் கொட்டிக்கிட்டா சரியாப் போயிரும்மா" என்றார் சார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புது நாடகத்தின் பெயர் 'பஸ் வந்ததும் சொல்றேன்'. காதல் காமெடி. பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்க்கிற பெண்ணிடம் 'என்னைக் கட்டிக்கிறீங்களா' என்று கேட்க ஒருத்தர் வாயைத் திறப்பார். உடனே பஸ் வந்துவிடும். கடைசியில் பஸ் பழுதாகி நிற்கிற அன்றைக்குக் கேட்டுவிடுவார். "இதைக் கேக்கவா இத்தனை பஸ்ஸை விட்டீங்க? சரி" என்பாள் அவள். கல்யாணம், தாலி, திரை.

அந்த ஆளாக நடித்தவர் யோகராஜ் அண்ணன். வட்டக்கானலில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன், அவர்மேல் குறை சொல்ல எனக்கு அன்றுவரை ஒன்றும் இருந்ததில்லை. ஒத்திகை முடிந்து அக்காதான் எல்லோரையும் ஜீப்பில் வீடு சேர்ப்பாள். ஜீப்பின் முன் சீட்டு கிழவிகளுக்கும் வாந்தி எடுப்பவர்களுக்கும் மட்டும்தான். அது அவள் சட்டம். ஆனால் யோகராஜ் அண்ணன் ஒருநாள் முன்னால் ஏறினார், அவள் இறங்கச் சொல்லவில்லை. அப்புறம் அது அவர் சீட்டாகவே ஆகிவிட்டது.

நாடகத்துக்குச் சில வாரம் முன்னால் அக்கா என் கடைக்கு வந்து, பச்சைப் பூப்போட்ட துணி ஒன்றைப் போட்டாள். முன் சீட்டுக்கு உறை தைக்க வேண்டுமாம்.

"மத்த சீட்டுக்கெல்லாம் வேணாமாக்கா?"

"சொன்னதத் தையிடி. ஒனக்கு வேற சோலி இல்லையா?"

அதே நாள்தான் தாலி விஷயமும் பேசினாள். "நாடகந்தான்னாலும் கழுத்துல முடிச்சு விழக் கூடாது ராஜி. பிரஸ் பட்டன் வச்சுக் குடு." மஞ்சள் கயிற்றின் இரண்டு முனையிலும் பட்டன் தைத்துக் கொடுத்தேன். ஒத்திகையில் யோகராஜ் அண்ணன் கழுத்துக்குப் பின்னால் 'டக்' என்று அழுத்துவார், நான் காகிதப் பூவைத் தூவுவேன், எல்லோரும் சிரிப்போம்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மூடுபனி ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டது, ஆனாலும் கூட்டம். முதல் வரிசையில் மூக்கம்மா உட்கார்ந்திருந்தார். மகள் நாடகத்தை ஒரு தடவையும் எட்டிப் பார்க்காதவர், பட்டுச் சேலை கட்டி வந்திருக்கிறார். பக்கத்தில் எல்லாம் பெரும்பாறைச் சனம். எதற்கு இத்தனை பட்டு என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லோரும் கையைப் பொத்தி வைத்திருந்ததைக் குளிருக்கு என்று நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல!

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஹால் சிரித்து உருண்டது. அக்கா "சரி" என்றபோது விசில் பறந்தது. அதுவரை எல்லாம் நாடகம்தான்.

தாலித் தட்டை ஹரி சார் என் கையில் கொடுத்தபோது மேலே துணி மூடியிருந்தது. யோகராஜ் அண்ணன் துணியை விலக்கிக் கயிற்றை எடுத்தார். நான் தைத்த கயிறு இல்லை. மஞ்சள் ஈரம் காயாத புதுக் கயிறு, அதில் தங்கம் தொங்கியது. அவள் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். ஒரு முடிச்சு. இன்னொன்று. மூன்றாவது.

என் கன்னத்தில் ஏதோ சுரீரென்று விழுந்தது. காகிதப் பூ இன்னும் என் பையில்தான் இருந்தது. விழுந்தது அரிசி. மஞ்சள் தடவிய அட்சதை. முதல் இரண்டு வரிசையும் எழுந்து நின்று கை கையாக எறிந்தது. மூக்கம்மா அழுதுகொண்டே எறிந்தார்.

அக்கா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அரிசியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் விரிந்த கையைப் பார்த்தாள். நாடகத்துக்கு யாராவது வீட்டிலிருந்து அட்சதை கலந்து கொண்டுவருவார்களா? இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் தெரியாது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தாலும் அசராதவள், வாயைத் திறந்தபடி நின்றாள்.

பிறகு இரண்டு கையாலும் அந்தக் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிக் கழற்றினாள். பூவும் பிய்ந்து கூடவே வந்தது. "ஐயையோ!" என்று ஹாலே அலறியது. அதை யோகராஜ் அண்ணனின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். திரை இறங்கிவிட்டது.

திரைக்குப் பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "தாலியக் கழட்டலாமா புள்ள? நான் இருக்கயில ஒனக்கு ஒரு தொணை வேணாமா?" என்று மூக்கம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஹரி சார், "ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்மா..." என்று இழுத்தார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்கு வாய் நிற்காதாம். ஆமாம், நிற்காது! தெரிந்திருந்தால் அன்றைக்கே பெரும்பாறைக்குப் போன் போட்டுக் கத்தியிருப்பேன்.

அக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. யோகராஜ் அண்ணனைத்தான் பார்த்தாள்.

"யாருகிட்டயெல்லாம் கேட்டீங்க?"

"ஒங்க அம்மாகிட்ட கேட்டேன். சார்கிட்ட சொன்னேன். ஒங்க சொந்தக்காரங்க கிட்டயும்..."

"என்கிட்ட?"

"மேடையில கேட்டேனே விஜயராணி." அந்த மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். "அத்தன பேரு முன்னாடி கேட்டேன். நீங்களும் சரின்னு சொன்னீங்களே."

"கேட்டது நீங்க இல்ல. சரின்னு சொன்னது நானும் இல்ல. ரெண்டும் சார் எழுதுனது."

அதோடு ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மாவை ஏற்றிக்கொண்டுதான் போனாள், ஆனால் பின் சீட்டில்.

அந்த வாரமே என் கடைக்கு வந்தாள். நான் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு ஊரையே திட்டித் தீர்த்தேன். யோகராஜ் அண்ணனுக்கும் நல்லா விழுந்தது. அக்கா டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

"அந்த ஆளு ஒன்கிட்ட நேரா கேட்டிருந்தா, செருப்பாலதான அடிச்சிருப்ப?" என்றேன்.

"சரின்னு சொல்லியிருப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு மேடையில் நின்றதைவிட இப்போது அதிகமாக.

"ஜீப்புல வரும்போது ரெண்டு மூணு தடவ வாயத் தொறந்தாரு. நானும் வண்டிய மெதுவாத்தான் ஓட்டுனேன். இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு..." டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த ஒத்த வார்த்தைக்குத்தான்டி காத்துக் கெடந்தேன். ஊரெல்லாம் கேட்டுட்டு, என்னைய மட்டும் விட்டுட்டாரு."

"இப்ப வந்து கேட்டா?"

"இப்பயா?" கழுத்தைத் தடவிக்கொண்டாள். "என்னத்தக் கேக்க? அன்னைக்கே முடிச்சுப் போட்டுட்டாருல்ல."

மெஷின்மேல் அந்தப் பச்சைப் பூப்போட்ட உறை தைத்து முடித்து மடித்துக் கிடந்தது. ஒரே ஒரு சீட்டுக்கு ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதை ஒளித்துவைக்கலாமா என்று கையை நீட்டினேன், அவள் முந்திக்கொண்டாள். விரித்துப் பார்த்தாள். ஓரத்துத் தையலை விரலால் நீவினாள்.

"நல்லாத்தான் தச்சிருக்க. இத டிரைவர் சீட்டுக்கு மாத்திக் குடு. வெரசாக் குடு, நாளைக்கு ஆளு ஏத்தணும்."

அவள் போனதும் கத்தரியை எடுத்துத் தையலைப் பிரித்தேன். கண்ணீர் மறைத்ததில் துணியையும் கொஞ்சம் வெட்டிவிட்டேன்.