பிலா என்று கூப்பிட்டவள்

நான் அவள் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால், எங்கள் ஊர்க்காரர்கள் அவளை அடித்திருப்பார்களா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. "சேச்சே, அந்த அளவுக்கெல்லாம் போயிருக்க மாட்டாங்க" என்கிறார் என் கணவர். அவர் அன்று அங்கே இல்லை. நான் இருந்தேன்.

பெரம்பலூரில் பிறந்து, ஜெயங்கொண்டம் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். ஊரில் பெரும்பாலும் எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள். எனக்கு ஒரே மகன், சின்னப் பிள்ளை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்து இறங்கியிருப்பதாக அந்த வாரம் முழுக்க எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி ஓடியது. பொய் என்று தெரிந்தும் பகலிலேயே கதவைத் தாழிட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பிள்ளைகள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்கு, மறைக்கல்வி வகுப்புக்கு ஓடினார்கள். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது.

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டிருந்த வெளி மாநிலப் பெண் ஒருத்தி. ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கோயில் வளாகத்துக்குள் கையைக் காட்டி "பிலா, பிலா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"என்னடி சொல்றா?"

"பிள்ளைங்கிறா. காது கேக்கல? பிள்ளை வேணுமாம்!"

"அடிப்பாவி, கோயில் வாசல்லயே வந்து கேக்குறா பாரேன்!"

கூட்டம் சூழ்ந்துகொண்டது. எங்கள் தெரு அன்பியத்தின் பொறுப்பாளர் அக்கா அவள் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். அன்பியம் என்பது வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் எங்கள் குழு. பெயரிலேயே அன்பு இருக்கிறது. சற்று முன்புதான், பூசையில், இதே அக்கா என் பக்கம் திரும்பிக் கைகூப்பி "சமாதானம்" சொன்னார். அதற்கும் முன்னால், பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்களைக் காக்கும்படி மன்றாட்டு வாசித்தவரும் அவர்தான். அவருடைய மகன் குவைத்தில் இருக்கிறான். ஊரைவிட்டுப் போனவர்கள் என்றால் எங்கள் ஊரைவிட்டுப் போனவர்கள் மட்டும்தானா?

அந்தப் பெண் தன் வயிற்றில் அடித்துக் காட்டினாள்.

"இப்ப பசிக்குதுன்னு நடிக்கிறா பாருங்கடி!" சிலர் சிரித்தார்கள். ஒருவர் போனை உயர்த்திப் படம் பிடித்தார்.

எனக்கு அது பசியாகத் தெரியவில்லை. வயிற்றைத் தொட்ட கையை இறக்கி, இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி உயரம் காட்டினாள். பெற்றவள் வேறு எப்படிச் சொல்வாள்? "அவங்க பிள்ளையத் தேடுறாங்கக்கா" என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னேன்.

"ஏண்டி பெரம்பலூர்க்காரி, உனக்கு இந்தி தெரியுமோ?"

"தெரியாதுக்கா. வயித்தத் தொட்டுக் காட்டுறாங்களே!"

"கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு அவ கிட்டப் போறியே, அறிவிருக்கா உனக்கு?"

எனக்கும் பயம்தான். மகனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தேன். அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டுத் தன் பிடியை விட்டார். பிள்ளைகள் இருந்த கொட்டகைக்கு அழைத்துப்போனேன். கூட்டமும் பின்னாலேயே வந்தது.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். ஓடிய பிள்ளைகளோடு தானும் ஓடி வந்திருக்கிறாள். யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே, மற்றவர்களைப் பார்த்துக் கைகூப்ப முயன்றுகொண்டிருந்தாள். அம்மாக்காரி பாய்ந்து தூக்கினாள். முதுகில் ஓர் அடி, அப்புறம் முத்தம். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பக்கத்தில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த அவள் கணவன் சிமெண்டுக் கையோடு ஓடி வந்தான். ஒடிசாக்காரன், கொஞ்சம் தமிழ் வந்தது. "பிலான்னா எங்க பாஷையில புள்ளை, அக்கா" என்றான். பிறகு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிச்சிடுங்கம்மா" என்றான்.

அவன் கேட்டான் மன்னிப்பு! எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. "நல்லதுக்குத்தானே விசாரிச்சோம், நம்ம புள்ளைங்க பத்திரமா இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அவர்கள் பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டாமா?

நான் மதியச் சோறு வடிப்பதற்குள் அந்த வீடியோ வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது, 'நம்ம கோயிலில் பிடிபட்ட பிள்ளை பிடிப்பவள்' என்று. நடந்ததை எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும் கும்பிடும் கை படம் போட்டார். அதை அழிக்கச் சொல்லுங்கள் என்று பொறுப்பாளர் அக்காவிடம் நேரில் கேட்டேன். "அது அரியலூர் வரைக்கும் போயிடுச்சும்மா, இனி அழிச்சு என்ன ஆவப்போவுது?" என்றார்.

இப்போது அவள் வெளியே வருவதில்லை. கடைக்கு அவன்தான் வருகிறான். "பயப்படுது அக்கா" என்கிறான். எங்கள் பிள்ளைகள் தெருவில் ஓடி விளையாடுகின்றன. அந்தச் சிறுமி அவர்கள் தங்கியிருக்கும் அறையின் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கிறாள்.

வரும் வாரம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. அவளையும் குழந்தையையும் அழைத்து, எல்லோர் நடுவிலும் உட்காரவைத்து, நடந்தது இதுதான் என்று சொல்ல நினைக்கிறேன். "நம்ம வூட்டுல வச்சே அவள யாராச்சும் ஒண்ணு சொன்னா என்ன பண்ணுவ?" என்று என் கணவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். நான் கூப்பிட்டால், மறுக்கப் பயந்தே அவள் வந்துவிடுவாளோ என்றும் தோன்றுகிறது. அவள் இல்லாமல் நானே முதலில் பேசிவிடலாமா? அதற்கு என் குரல் எழும்புமா?

அந்தக் குழந்தை மறுபடி தெருவில் இறங்கி நடக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. படிக்கிறவர்களில் பெற்றவர்கள் இருப்பீர்கள், என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இருப்பீர்கள். அழைக்கட்டுமா, வேண்டாமா? தயவுசெய்து சொல்லுங்கள்.