காது வழியே வரும் குளிர்

போன மார்கழியில் திருகோணமலை லிங்கநகரில் அக்கா வீட்டில் நின்றபோது, ஒரு காலை எழும்பிக் குசினிக்குப் போனேன். அக்கா கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. "விறைக்குது தம்பி, காதை மூடு" என்றாள். என் தொலைபேசி இருபத்துநான்கு பாகை என்றது. கனடாவில் எங்கள் தெருவில் அந்த வெப்பநிலைக்கு ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுத்துக்கிடப்பார்கள்.

ஆனால் அக்காவைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. கனடாவில் என் முதல் குளிர்காலத்தில், ஊர் முறைப்படி தலையையும் காதையும் துவாயால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குளியலறைச் செருப்புடன் குப்பை போடப் போனேன். பனி கணுக்காலுக்கு மேலே கிடந்தது. அரைக் காற்சட்டையுடன் பனி வழித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் என் காலைக் காட்டினார். நான் பதறிப்போய் அவருடைய காதைக் காட்டினேன். அவர் மறுபடியும் காலைக் காட்டினார். மற்றவருக்குப் பைத்தியம் என்று இருவருமே முடிவெடுத்துக்கொண்டு பிரிந்தோம். போகும்போது அவர் "நைஸ் டே" என்றார். அன்றைக்கு மைனஸ் பன்னிரண்டு.

அந்த நாட்டிலேயே பிறந்த என் மகள் ஆரணிக்குக் குளிர் என்பது மைனஸில்தான் தொடங்கும். திருகோணமலையில் அன்று காலை நான் எழும்ப முன்னமே, "கடல் பாத்திட்டு வாறன்" என்று தன் மாமியான அக்காவிடம் சொல்லிவிட்டு, கையில்லாச் சட்டையுடன் மழைக்குள் போய்விட்டிருந்தாள். அவளுடைய தொலைபேசி மேசையிலேயே கிடந்தது. மாரிக்கடல் எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் அறிந்ததெல்லாம் நீச்சல்குளம்.

நான் ஓடினேன். இன்னொரு கம்பளித் தொப்பியை ஏந்திக்கொண்டு அக்கா பின்னால் ஓடிவந்தாள். எனக்கு அலைப் பயம், அவளுக்குக் காதுப் பயம்.

தேநீர்க் கடை வாசலில் நின்று பிள்ளையின் அடையாளம் சொல்லத் தொடங்கினேன். சட்டை என்ன நிறம்? ஞாபகம் வரவில்லை. அக்கா என்னைத் தள்ளிவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டாள்: "தம்பி, தலையில ஒண்டும் போடாத பிள்ளை ஒண்டு போனதோ?"

"ஓம் அக்கா! நான் ஏசினனான். சிரிச்சிக்கொண்டு நேர போகுது."

மருந்துக் கடையிலும் கண்டிருந்தார்கள். "காதைப் பொத்தச் சொன்னனான், தாங்ஸ் எண்டிட்டுப் போகுது" என்று ஓட்டோக்காரர் முறைப்பட்டார். ஊரே காதை மூடியிருந்த அந்த மழையில், திறந்திருந்த இரண்டு காதுகளை ஒருவரும் தவறவிடவில்லை. அந்தக் காதுகளைப் பின்தொடர்ந்தே கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அலை தோணிகள் வரை ஏறிக்கொண்டிருந்தது. ஆரணி மீனவர்களின் வாடிக் குடிலுக்குள் கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் இருந்தாள். தலையைச் சுற்றி மீன் மணக்கும் துவாய். அதைக் கட்டிவிட்ட பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களோ தகப்பன்? காதைத் திறந்துகொண்டு கடலுக்குள்ள இறங்கப் பாத்தவ. காதுக்குள்ள காத்து அடைச்சிடுமெண்டு பிடிச்சு இழுத்தனான்."

"கடல்... அலை..." என்றேன்.

"அதுவுந்தான்."

மணலில் குந்திவிட்டேன். ஆரணி என் தோளில் சாய்ந்து, "அப்பா, எனக்குக் குளிருது" என்றாள். இருபத்துநான்கு பாகையில்! அக்கா தொப்பியைத் துவாய்க்கு மேலேயே மாட்டிவிட்டு, "இப்ப விளங்குதோ?" என்று என்னைக் கேட்டாள்.

இன்று கனடாவில் மைனஸ் பதினெட்டு. ஆரணி வாசலில் பள்ளி பஸ்ஸுக்கு நிற்கிறாள். கால்களில் முழங்கால்வரை பனிச் சப்பாத்து. தலையைச் சுற்றி, எத்தனை தரம் தோய்த்தும் மணம் போகாத அந்தத் துவாய். பக்கத்து வீட்டுக்காரர் பனி வழிப்பதை நிறுத்தி, அவளுடைய கால்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுகிறார். பிறகு மெல்ல நிமிர்ந்து அவளுடைய தலையைப் பார்க்கிறார்.