வண்டியை வெயிலில் காயவைத்த நாள்

போன சித்திரையில், வேலூர் பக்கத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஒன்றில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பாதி நிஜம், பாதி கனவு மாதிரிதான் இருக்கிறது. அன்றைய வெயில் அப்படி.

முதலில் என் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் எனக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. காலில் இரும்புக் காலிப்பர் மாட்டி, ஊன்றுகோல் வைத்துத்தான் நடை. பெங்களூரில் வேலை பார்த்தபோது, கியர் தானாக மாறும் சின்னக் கார் ஒன்று வாங்கி, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கை நெம்புகோல் பொருத்திக்கொண்டேன். அமுக்கினால் பிரேக், இழுத்தால் வேகம். அன்றிலிருந்து என் கனவுகளில் நான் நடப்பதில்லை. ஓட்டுகிறேன்.

மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்தேன். வண்டியின் பதிவையும் தமிழ்நாட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றி அமைத்த வண்டி என்றால் ரொம்ப பேஜார், அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு சாதா வண்டியாகக் காட்டிவிடுங்கள் என்றார் ஒரு புரோக்கர். எனக்கு வந்ததே கோபம்! என் காலைக் கழற்றி வைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. நானே நேரில் போவதென்று முடிவு செய்தேன். பதிவை மாற்றத் தடையில்லை என்று பெங்களூரில் வாங்கிய என்.ஓ.சி.யின் கெடு வேறு அந்த வாரத்தோடு முடிகிறது. தவறினால் திரும்பவும் அங்கே போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவரை வண்டி வாசலில், நான் வீட்டுக்குள். கம்பெனி பஸ்ஸில் என்னை யாராவது தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போகட்டும் என்று இருந்தேன்.

கம்பெனியில் எனக்கு ஒரு தோழி. வாணியம்பாடிக்காரி, தையல் லைனுக்கு சூப்பர்வைசர், என் வயதுதான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வண்டி போகிறது என்றதும், கல்யாணப் பெண்ணை அலங்கரிப்பது போல அவளும் அவள் லைன் பெண்களும் இறங்கிவிட்டார்கள். என் காலிப்பர் வழுக்கக் கூடாது என்று, மீந்த தோலை வெட்டித் தைத்து, வண்டித் தரை முழுக்க ஒட்டிக் கொடுத்தார்கள். தேன் நிறத் தோல். அழகென்றால் அப்படி ஓர் அழகு.

அன்றைக்கு அவளும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். பிரேக் இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத மனிதர். நெம்புகோலை அமுக்கிப் பார்த்தார். பழைய ஆர்.சி.யில் அது பதிவாகியிருப்பதையும் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் போன உயிர் வந்தது. அப்புறம் சேசிஸ் நம்பரைக் கேட்டார். அது முன்சீட்டுக்கு அடியில், தரை இரும்பில் கொத்தியிருக்கும். மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுக்க வேண்டும். சீட்டைத் தள்ளிப் பார்த்தால் அங்கேயும் தேன் நிறத் தோல்! நகத்தால் பிரித்தோம், வரவில்லை. எப்படி வரும்? ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற சொல்யூஷன் அது. மழையில் ஊறினாலும் விடாது.

“நம்பரக் கண்ணால பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாதும்மா” என்றார். சாப்பிட்டு வருவதற்குள் எடுத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுப் போனார். என்.ஓ.சி. கெடுவுக்குள் எனக்கு இன்னொரு நாள் கிடையாது.

நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திடீரென்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கம்பெனியில் ஒட்டுவதற்கு முன்னால் சொல்யூஷன் இளகச் சூடு காட்டுவார்கள். அது ஞாபகம் வந்துவிட்டது போல.

“வண்டிய வெயில்ல நிறுத்து. கண்ணாடியெல்லாம் ஏத்தி வுடு” என்றாள். “நம்ம ஊர்ல வேற இன்னா ஜாஸ்தியா கெடைக்குது?”

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். காரின் கூரைமேல் காற்று நெளிந்தது. மைதானத்துக்கு அப்பால் மலை கானலில் மெல்ல ஆடியது. எங்கிருந்தோ தோல் பதனிடும் வாடை வந்தது. வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டவள்தான் நான். அன்று அது தாலாட்டுவது மாதிரி இருந்தது. எப்போது கண் சொருகியதென்று தெரியவில்லை. என் வண்டி ஆளில்லாமல் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறது. நான் பின்னாலேயே ஓடுகிறேன், வெறுங்காலோடு, அவ்வளவு லேசாக. ஆனாலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அவள் தோளைத் தட்டியபோது என் கன்னம் நனைந்திருந்தது.

கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி அனல். அவள் மண்டியிட்டு, கைப்பையிலிருந்த நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். தோலின் ஓரம் இப்போது நகக்கண் அளவு மேலே வந்தது. பிய்த்து எறியாமல், மூன்று பக்கம் மட்டும் வெட்டி மூடி மாதிரித் திருப்பினாள். ஒட்டியிருந்த பசையை விரலால் உருட்டி உருட்டி எடுத்தாள். நான் காகிதம் வைத்துத் தேய்த்தேன். எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து அந்த மூடியைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். யார் ஓட்டிக் காட்டுவது என்று சுற்றிலும் தேடினார். நான்தான் என்றேன். ஒரு ரவுண்டு போய்விட்டு வரச் சொன்னார்.

நெம்புகோலை இழுத்தேன். மரமும் சுவரும் வரிசையில் நின்ற வண்டிகளும் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தன. எட்டிப் பிடிக்க முடியாத வண்டிக்குள் இப்போது நான் இருந்தேன். நிறுத்த மனசு வராமல் இன்னொரு சுற்றும் போய்விட்டேன்.

“ஒரு ரவுண்டுதானம்மா சொன்னேன்” என்றார், கையெழுத்துப் போட்டபடியே.

புது நம்பர் பிளேட் வந்ததும் அந்த மூடியைத் திரும்ப ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இனி எவன் வந்து கேட்டாலும் திறந்து காட்டு என்று சொல்லி, செருப்புக்கு வைக்கிற வாரும் பக்கிளும் தைத்துவிட்டாள். ஊன்றுகோலை உள்ளே வைக்கக் குனியும்போதெல்லாம் அந்தப் பக்கிளை ஒரு தரம் தொட்டுக்கொள்கிறேன். சொந்தமென்று யாருமில்லாமல் வந்த ஊரில் எனக்கும் ஆள் இருக்கிறது என்பதை, அதைத் தொட்ட பிறகுதான் இன்றைக்கும் முழுசாக நம்புகிறேன்.