வெள்ளைத் தரையும் பொடிசின் வண்டியும்

பொடிசு என்று பெயர் வைத்தது அக்காதான். பிறந்தபோது அவள் ஒன்றே முக்கால் கிலோ. துணியோடு கையில் வாங்கிய அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது பொடிசுக்கு முப்பத்தொன்று ஆகிறது, உயரம் மட்டும் பெயருக்குத் தக்கபடியே நின்றுவிட்டது. சீட்டில் இரண்டு மெத்தைத் துண்டு போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு வருடப் பழைய சரக்கு வண்டி ஒன்றைச் சொந்தமாக ஓட்டுகிறாள். சந்தை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, யாராவது சரக்கு கொண்டுவர மாட்டார்களா என்று காத்துக் கிடப்பது அவள் பிழைப்பு. ஒரு நாள் மூன்று நடை கிடைக்கும். அடுத்த மூன்று நாள் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் மருந்துக் கிடங்கு ஒன்றில் தினசரி ஓட்டத்துக்கு வண்டி தேடுவதாகத் தெரிந்தது. கிடங்கு மேலாளர் புதிதாக வெள்ளைத் தரை போட்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் உள்ளே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் வந்த வழியே போய்விடலாம். பொடிசுக்கு முன்னால் இரண்டு பேர் வந்த வழியே போயிருந்தார்கள்.

பொடிசின் வண்டியும் சொட்டியது. ஆயில் ஃபில்டர் பக்கமாக ஒரு ராத்திரிக்கு நாலைந்து சொட்டு. ஆயில் மாற்றும் கெடுவும் தாண்டிவிட்டதால், ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிட்டால் ஒழுகல் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டாள். பட்டறையில் கேட்டால் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவர் தரையைச் சுருட்டி வச்சிருப்பாரா?" என்று கேட்டுவிட்டு, சாமான்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டின் பக்கவாட்டில், சமதரையாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்தாள். ஆயில் சூடானால்தான் கசடும் சேர்ந்து இறங்கும் என்று பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைத்தாள். அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தாள். டீத் தம்ளரும் கையுமாக வந்து நின்ற அக்காவின் கணவர், அடியில் போவதற்கென்றே அளவெடுத்துப் பண்ணின உடம்பு என்றார்.

"நீங்க நுழைஞ்சா வண்டியைத் தூக்கித்தான் மாமா உங்களை வெளிய எடுக்கணும்" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

என்ஜினின் அடி மூடியைக் கழற்றியதும் தார் மாதிரி இறங்கிய பழைய ஆயிலை அகலமான பேசினில் பிடித்தாள். ஃபில்டர் லேசில் அசையவில்லை. பழைய பெல்ட்டைச் சுற்றி இறுக்கி இழுத்த பிறகுதான் திரும்பியது. முழங்கைவரை சூடான ஆயில் வழிய, கைகழுவ எழுந்து போனாள்.

அந்த இடைவெளியில்தான் அக்கா வண்டிக்கு அடியில் நுழைந்தாள். அக்காவுக்குத் துணிக் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். ஃபில்டர் உட்காரும் இடத்தில் கருப்பாக ஒரு வட்டம் அழுக்கேறி இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று துணி மாற்றி, முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பொடிசு திரும்பி வந்து விரலால் தடவிப் பார்த்தாள். வழுவழு என்று இருந்தது. எந்தப் பட்டறையிலும் அந்த இடம் இவ்வளவு சுத்தமாக இருந்து அவள் பார்த்ததில்லை. வழக்கமாக நகத்தால் சுரண்டிப் பார்ப்பவள் அன்று சுரண்டவில்லை. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினாள். அடி மூடியைப் பூட்டினாள். ஏழு லிட்டர் புது ஆயிலை ஊற்றி, சாவியைத் திருப்பினாள்.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா கத்தவில்லை. கையை மட்டும் வெட்டுகிற மாதிரி ஆட்டினாள். பொடிசு அணைப்பதற்குள் தேன் நிறத்தில் ஆயில் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

பொடிசு பழைய ஃபில்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வளையம் இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. மறுபடி அடியில் போய், புது ஃபில்டரைக் கழற்றி, திருப்புளி நுனியால் நெம்பினாள். என்ஜினோடு ஒட்டிப்போயிருந்த பழைய வளையம் உரிந்து வந்தது. அதன்மேல்தான் புது வளையம் உட்கார்ந்திருந்தது. ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் ஆயில் எப்படி நிற்கும்?

"அதையும் சேர்த்தா நான் தொடைச்சேன்?" என்றாள் அக்கா.

"தொடைக்கலக்கா, மெருகு போட்டிருக்க" என்றாள் பொடிசு. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "தப்பு என்னுது. நகத்தை வச்சு ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மூன்று லிட்டர் ஆயில் குறைந்தது. காலி டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு அக்கா கிளம்பினாள். முதல் கடைக்காரர் எல்லாம் ஒரே ஆயில்தான் என்று வேறு எதையோ நீட்டினார். அக்கா டப்பாவில் இருந்த எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, ஒரு எண் மாறியிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது கடையில் அதே ஆயில் கிடைத்தது. அவள் திரும்பி வருவதற்குள் பொடிசு ஃபில்டரை நேராக மாட்டி, சிந்தியதன்மேல் மணல் போட்டு அள்ளியிருந்தாள். ஆயிலை ஊற்றி ஓடவிட்டுப் பார்த்தார்கள். பொட்டு ஈரம்கூட வரவில்லை. ஆனாலும் முன்பு தெறித்த ஆயில் இடுக்கில் எங்காவது தங்கியிருந்து வெள்ளைத் தரையில் விழுந்தால் என்ன செய்வது என்று, அக்கா சோப்புத் தண்ணீர் விட்டு அடிப்பக்கம் முழுவதையும் கழுவினாள்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி கிடங்குக்குள் நின்றது. மேலாளர் என்ஜினுக்கு நேர் கீழே வெள்ளைத் தாள் ஒன்றை விரித்துவிட்டுப் போனார். அக்காவும் தங்கையும் சுவரோரப் பலகையில் உட்கார்ந்தார்கள்.

பொடிசு நகத்தடிக் கறுப்பைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். அக்கா அந்தக் கைகளையே பார்த்தாள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேன் கம்பெனியில் கேன் சுமக்கப் போன கைகள். டிரைவர் சாப்பிடப் போகும் நேரத்தில் கியர் போட்டுப் பழகியவள். லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்று வந்தாள். இரண்டு முறையும் சாப்பிட்டுவிட்டுத்தான் அழுதாள். இந்தப் பழைய வண்டியை வாங்கப் போகிறேன் என்றபோது, வேண்டாம் என்று முதலில் சொன்னது அக்காதான். இதுவரை பொடிசு அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

ஐந்து மணிக்கு மேலாளர் வந்து தாளை இழுத்தார். ஓரத்தில் காசளவுக்கு ஈரமாக ஒரு பொட்டு இருந்தது. அக்கா பலகையிலிருந்து எழுந்துவிட்டாள்.

அவர் தாளை நீட்டினார். பொடிசு தொட்டு மோந்து பார்த்தாள்.

"தண்ணி சார். எங்கக்கா கழுவினது. அஞ்சு நிமிஷம் காயட்டும். எண்ணெய்னா காயாது."

தாளைப் பலகைமேல் வைத்தார்கள். பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொட்டின் ஓரம் மெல்லச் சுருங்கி, உள்வாங்கி, கடைசியில் தாள் கொஞ்சம் சுருக்கம் விழுந்து வெள்ளையாகவே நின்றது. மேலாளர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். டார்ச் அடித்து வண்டிக்கு அடியிலும் பார்த்தார்.

"எங்க சர்வீஸ் பண்றீங்க?"

"வீட்டுலதான் சார். நானும் எங்கக்காவும்."

முதலில் ஒரு மாதம் பார்க்கலாம், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

வண்டி கேட்டைத் தாண்டியது. அக்காதான் ஆரம்பித்தாள். ஆறு மணிக்கு இங்கே இருக்க வேண்டுமென்றால் ஐந்துக்கே எழுந்திருக்க வேண்டுமே என்றாள்.

"நாலரைக்கு எழுப்பிவிடுக்கா" என்றாள் பொடிசு, கியரை மாற்றிக்கொண்டே. "கெளம்புறதுக்கு முன்னாடி அடியில ஒரு தடவை பாக்கணும்."