கடற்காற்றின் மேல் போட்ட பழி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் பேர்ணடெற்றுக்கு நகரின் மறுகோடியில், வெள்ளவத்தையில் வேலை. கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு கண் கிளினிக்கில், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ளவர்களின் கண்ணுக்குள்ளே படம் பிடிப்பது. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். நாடியைத் தாங்கியில் வைக்கச் சொல்லுவாள், பச்சை வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லுவாள், ஒரு மின்னல். அவ்வளவுதான், திரையில் அந்தக் கண்ணின் உட்புறம் செம்மஞ்சள் நிலாவாக எழும்பிவிடும். அந்த நிலாக்களில் அவளுக்குச் சலிப்பே வந்ததில்லை. பஸ்ஸில் கண்ணயர்ந்தால்கூட அவைதான் மிதந்து வரும்.

அழகு வேறு, வேலை வேறு. சிவப்புக்குள் சிவப்பாக ஒளிந்திருக்கும் இரத்தப் பொட்டுகளை டொக்டர் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகப் பேர்ணடெற் படத்திலிருந்து சிவப்பை நீக்கி, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டி அனுப்புவாள். அளவாகக் கூட்டினால் பொட்டு தெரியும். மிஞ்சினால் இல்லாத பொட்டும் தெரியும்.

ஜூன் பிறந்ததிலிருந்து எல்லாருடைய கண்களும் படத்தில் மூட்டமாகவே வந்தன. கதவுப் பூட்டையே தின்கிற உப்புக்காற்று கமராக் கண்ணாடியை மட்டும் விடுமா? துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். வேறுபாட்டை இன்னும் கூட்டினாள். மாலையில் காலி நகருக்குப் போகும் பெருவீதி விளக்குகளைச் சுற்றிப் பொன் வளையங்கள் தெரிந்தபோது, தன் பக்கத்து அந்தோனியார் கோயில் திருநாள் அலங்காரம் வெள்ளவத்தை வரைக்கும் வந்துவிட்டதோ என்று சந்தோஷப்பட்டும் போனாள், பேதை!

ஒரு செவ்வாய்க்கிழமை டொக்டர் ஏழு படங்களைத் திருப்பி அனுப்பினார். கூட வேலை செய்யும் டில்ஷானி திரையைப் பார்த்தாள்.

"அக்கா, ஏன் இப்பிடிக் கறுப்பாக்கி வச்சிருக்கிறீங்க?"

"லென்ஸில உப்புப் பிடிச்சிருக்கு பிள்ளை. ஒண்டும் தெளிவில்லை."

"இல்லையே அக்கா. நீங்க மாத்த முந்தி எடுத்த படம் நல்ல கிளியரா இருக்கே."

அப்படியானால் மூட்டம் லென்ஸில் இல்லை, பேர்ணடெற்றின் கண்ணில். அவளுக்கும் ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். வருடத்துக்கு ஒருதரம் படம் எடுங்கோ என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள், தன் கண்ணை ஒருநாளும் அந்தக் கமராவுக்குக் காட்டியதில்லை. ஊருக்குத்தான் உபதேசம். வேலை போய்விடும் என்பதைவிட, இனி அந்த நிலாக்களைப் பார்க்க முடியாமல் போகுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு நோயாளியின் கதிரையில் உட்கார்ந்தாள். மின்னல் அடித்தது. அறை ஊதா நிறமாகி, மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. டில்ஷானி திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என்ன தெரியுது, பிள்ளை?"

"டொக்டர் வந்து சொல்லுவார் அக்கா. பயப்பிடாதீங்க."

படத்தில் ஏதாவது தெரிந்தால் மட்டும் இப்படிச் சொல்ல வேண்டும் என்று டில்ஷானிக்குப் பழக்கியவள் பேர்ணடெற்தான்.