மேலே நீரஜா, கீழே அம்மா

பாலக்காட்டுப் பக்கத்து லக்கிடியில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகைக்கு முதலில் விலாசினியிடம்தான் வருவார்கள். அச்சகம் ஒற்றப்பாலத்தில் இருந்தது. ஆனால் எழுத்தைத் தட்டி, பிழை பார்த்து, லட்சணமாக ஆக்கித் தருவது அவள். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்திருந்தாள். கோயில் பூரத் திருவிழாவுக்கு உருண்டை எழுத்து, கல்யாணத்துக்குக் கொடியோடுகிற எழுத்து என்று அவளுக்கே ஒரு முறை உண்டு. ஒரே மகள் நீரஜாவின் கல்யாணத்துக்கென்று ஓர் எழுத்தை வேறு யாருக்கும் போடாமல் வைத்திருந்தாள்.

அதைப் போட வாய்க்கவில்லை. கொச்சியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த நீரஜா, கூட வேலை பார்த்த அஸ்ஸாம்காரன் திகந்தாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அப்புறம்தான் ஃபோனில் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லணும்னு தோணலையா உனக்கு?" என்று கேட்டு விலாசினி ஃபோனை வைத்தவள்தான். அவர்கள் குவாஹாத்திக்குக் குடிபோய்விட்டார்கள். தாயும் மகளும் பேசிக்கொள்ளவே இல்லை. கணவர் கோவிந்தன்குட்டி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பால் வாங்கப் போகிற சாக்கில் மகளோடு பேசிவிட்டு வருவார். வந்து, சுவரைப் பார்த்து, அவளுக்குச் சளி பிடித்திருக்கிறதாம் என்பார். விலாசினி தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் நீரஜா இரண்டு சிஸ்டம் போட்டு வைத்திருந்தாள். அம்மாவின் பழைய எழுத்துகள் ஓடுவதற்கு ஒன்று, தனக்கு லினக்ஸ் என்று இன்னொன்று. ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேலே நீரஜா, கீழே அம்மா. அம்மா கண்ணாடியைத் தேடி எடுக்க வேண்டுமே என்று, அரை நிமிஷம் பொறுத்திருக்கும்படி செய்திருந்தாள். அதற்குள் கீழ் வரிக்குப் போகாவிட்டால் நீரஜாவினுடையது தானே திறந்துகொள்ளும். சில மத்தியானங்களில் விலாசினி எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பாள். மகள் வைத்துவிட்டுப் போன ஆற்றுப் படம் திரை முழுக்க வரும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைப்பாள்.

கர்க்கடக மாதத்து அடைமழையில் ஒரு நாள், நீரஜாவின் சிஸ்டம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினாள். பாதியில் கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது இரண்டு பெயர்களும் இல்லை. திரையின் மூலையில் இரண்டு ஆங்கிலச் சொற்களும், துடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் கோடும்தான். பக்கத்து வீட்டு மாதவியின் மகள் கல்யாணப் பத்திரிகை உள்ளே மாட்டிக்கொண்டது. சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டியது.

ரிப்பேர்க் கடைக்காரரை ஃபோனில் கூப்பிட்டாள். பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார் அவர். மகளுடையதும் போய்விடுமா என்று கேட்டாள். போய்விடும் என்றார். அப்படியானால் வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

அதற்குள் கோவிந்தன்குட்டி மகளைப் பிடித்துவிட்டிருந்தார். அவள் சொன்னது புரியாமல் ஃபோனை நீட்டினார். "ரூட்டை செட் பண்ணணுமாம். எனக்குத் தெரிஞ்ச ரூட்டு பாலக்காடு–குருவாயூர்தான். நீயே கேட்டுக்கோ."

விலாசினி வாங்கிக் காதில் வைத்தாள். எப்படி இருக்கிறாய் என்று இருவருமே கேட்கவில்லை.

"திரையில என்ன இருக்குன்னு எழுத்து எழுத்தாப் படிம்மா," என்றாள் நீரஜா.

படித்தாள். சிஸ்டம் எங்கேயும் போகவில்லை, அதற்கு வழிகாட்டுவதுதான் வழி தவறி நிற்கிறது, இருக்கிற இடத்தை நாம் தேடிக் காட்ட வேண்டும் என்று மகள் விளக்கினாள். டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியாகக் கேட்டுப் பார்த்தார்கள். முதலாவதில் ஒன்றும் தெரியவில்லை என்றது. அடுத்ததிலும் அதே பதில். மூன்றாவதையும் கேட்டார்கள்.

"இங்க என்னமோ வரிசையா வருது. 'பூட்'ங்குது, 'ஹோம்'ங்குது."

"அதுதாம்மா. அங்கதான் இருக்கேன்."

விலாசினி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மகள் ஒவ்வொரு எழுத்தாக, அடைப்புக்குறி, சாய்கோடு என்று சொல்லச் சொல்ல அடித்தாள். கடைசிச் சொல்லை அடித்ததும் திரை ஒருமுறை இருண்டு தெளிந்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு. நீ மேல, நான் கீழ."

மறுபடி கரண்ட் போனாலும் கெடாமலிருக்க, லினக்ஸுக்குள் போய் இன்னும் சில வரிகள் அடிக்க வேண்டியிருந்தது. பிறகு, செட்டிங்ஸ் எழுதியிருக்கிற இடத்தைத் திறக்கச் சொன்னாள் நீரஜா. "முதல் வரியில பூஜ்யம் இருக்குல்ல? ஒண்ணாக்கிடு, உன்னோடதே நேரா திறக்கும். காத்திருக்கற நேரத்தையும் குறைச்சுடலாம். உனக்கு தினமும் ஏன் அந்தத் தொல்லை?"

"இருக்கட்டும்."

"என்னோடதை யாரும்மா தொடறா இப்ப?"

"நான் தொடறேன்."

குவாஹாத்தியிலும் மழை பெய்வது ஃபோனில் கேட்டது. கடைசியில் விலாசினிதான் பேசினாள்.

"அந்தப் பையன் சோறு தின்பானா, சப்பாத்தியா?"

"சோறுதாம்மா. இங்க எல்லாரும் சோறுதான்." நீரஜா மூக்கை உறிஞ்சினாள். "மீன்கொழம்பும் கேப்பான்."

"புளி போட்டா?"

"தக்காளி போட்டு."

"அதெல்லாம் ஒரு கொழம்பா?" என்றாள் விலாசினி. மகள் சிரிப்பது கேட்டது.

மாதவி மகளின் பத்திரிகை அன்றே அச்சுக்குப் போயிற்று. ஓணத்துக்கு வருவதாக நீரஜா டிக்கெட் எடுத்தாள். திகந்தாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, அதை ரத்து செய்தாள். மகர மாதத்தில் பார்க்கலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவளே கூப்பிடுகிறாள்.

அஸ்ஸாமிலிருந்து வருகிற ரயில் ஒன்று லக்கிடி வழியாகப் போகிறது, ஆனால் நிற்பதில்லை என்று கோவிந்தன்குட்டி ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். மறுமுறை அது வருகிற நாளில் விலாசினி குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். அவரும் பின்னாலேயே போனார்.

"இதுல அவ வரலைன்னு தெரியும்ல?"

"தெரியும். அந்த ஊர் ஜனங்க எப்படி இருப்பாங்கன்னு பாக்கறேன்."

வண்டி வேகமாக வந்தது. ஜன்னல்களில் தூங்கி வழிகிற தலைகள், காயப்போட்ட துண்டுகள், கன்னத்தில் கை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். விலாசினி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே கூடவே நாலடி நடந்தாள்.